தூசி மெஷினுக்குக் கரென்ட் குடுத்த கதை

எங்க தொழில்ல வாடிக்கையாளர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவரோட பிரச்சினை தெரிஞ்சிடும். கருகின வாசனை அவருக்கு நாலடி முன்னால கடைக்குள்ள வந்துடும்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்துல எனக்கு எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை. பாதிக் கடையில நான் போர்டு, மோட்டார், பேட்டரின்னு விக்கிறேன். மீதிப் பாதியில பாஷா பாய் மிக்ஸியும் டிவியும் ரிப்பேர் பண்றார். அவருக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி, பேச்சு கம்மி. கடைக்கு வர்றவங்க என்னைத் தாண்டி அவரைப் பாத்துதான் சந்தேகம் கேப்பாங்க. டிப்ளமோ படிச்சு பதினாலு வருஷமா இந்த கவுன்ட்டர்ல நிக்கிறவ நான். மிக்ஸி ஜாரை விட்டுக் கண்ணை எடுக்காம பாய் என் பக்கம் கையைக் காட்டுவார். அப்புறம்தான் நான் ஒருத்தி இருக்கறதே தெரியும்.

ஜவுளிக்கடையோ மெடிக்கல் ஷாப்போ, கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்னு பழகினவங்களா நீங்க? அப்போ நான் சொல்லப்போறது உங்களுக்குப் புரியும். சொல்றதைத் தலையாட்டிக் கேட்டுட்டு, வீட்டுக்குப் போய் நேர்மாறா செஞ்சுட்டு, மறுநாள் நம்மளையே குத்தவாளி மாதிரி பாக்கறவங்க உங்களுக்கும் இருப்பாங்கல்ல? எனக்கு வாய்ச்சவர் சேகர்.

பெரிய பேட்டரி

சேகர் ஆட்டோ ஓட்டறவர். போன்ல வீடியோ பாத்துப் பாத்து ரிமோட் காரு, தானா எரியற லைட்டுன்னு எதையாவது செஞ்சுகிட்டே இருப்பார். ஒருநாள் வந்து, போன்ல இருந்தே ஓட்டற மாதிரி வைஃபை போர்டு ஒண்ணு வேணும்னார். தீப்பெட்டியில பாதிதான் இருக்கும் அந்தப் போர்டு. இதுக்கு அஞ்சு வோல்ட்டுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் நல்லா தலையாட்டினார்.

மறுநாள் மத்தியானம் வாசனை வந்துச்சு, பின்னாடியே அவர் வந்தார். போர்டு நடுவுல கறுப்பா ஒரு ஓட்டை. என்ன குடுத்தீங்கன்னு கேட்டேன். ஆட்டோ பேட்டரியிலேர்ந்து நேரா ஒயர் இழுத்தாராம். பன்னெண்டு வோல்ட்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "இவ்ளோ பெரிய பேட்டரியில குடுத்தா தெம்பா ஓடும்னு நினைச்சேங்க"ன்னு சாதாரணமா சொல்றார். இருந்த கோவத்துல, பொழுதுபோக்குக்கு வேற ஏதாவது பாருங்கண்ணா, எதுக்கு சாமானை இப்படிக் கொல்றீங்கன்னு கத்திட்டேன்.

அவர் கோச்சுக்கல. கவுன்ட்டர்ல கையை ஊணிக்கிட்டு மெதுவா சொன்னார். அவர் சம்சாரம் செல்வி செங்கம் ரோட்டுல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ஒம்போது ரூம் கூட்டித் துடைக்கறாங்க. முட்டி தேஞ்சுபோச்சு, தரையில உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கட்டில் எல்லாம் ஒரு ஜாண் உயரம். நீட்டுத் துடைப்பத்தை விட்டா தூசி செவுத்தோரமா போய் ஒதுங்கிக்குது, உக்காந்து கையை விட்டாத்தான் வரும். யாரோ ஒரு கெஸ்ட் கட்டிலுக்கு அடியில போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த பௌர்ணமிக்குள்ள சரியாகலைன்னா வேற ஆள் பாத்துக்கறேன்னு ஓனர் சொல்லிட்டாராம். கட்டிலுக்கு அடியில தானா போய் தூசியை உறிஞ்சற மெஷினைத்தான் இவர் செய்யறார். சொல்லி முடிச்சுட்டு, கருகின போர்டை எடுத்து சட்டைப் பாக்கெட்டுல பத்திரமா போட்டுக்கிட்டார்.

"பொழுதுபோக்கு இல்லைங்க இது. எங்க வூட்டுக்காரம்மாவோட வேலைங்க."

லூசா இருந்த ஸ்க்ரூ

அதுக்கப்புறம் கத்த முடியுமா? புதுப் போர்டு எடுத்துக் குடுத்தேன். கூடவே ஸ்டெப் டவுன்னு ஒரு சின்ன சாமான். ஒரு பக்கம் பன்னெண்டு வோல்ட் விட்டா மறுபக்கம் நமக்கு வேணுங்கற அளவுக்குக் குறைச்சுக் குடுக்கும். அதுல பொடியா ஒரு பித்தளை ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருப்பித்தான் வோல்ட்டை ஏத்தணும், எறக்கணும். மீட்டரை வெச்சு நானே சரியா அஞ்சுல நிறுத்தி, அவர் கண்ணு முன்னாடி காட்டி, இனிமே நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், அப்படியே மாட்டுங்கன்னு அனுப்பினேன்.

சாயங்காலமே அதே வாசனை. எனக்கு நம்பவே முடியல. சத்தியமா அஞ்சுதானே வெச்சேன்? ஸ்டெப் டவுனை வாங்கி மீட்டர்ல பாத்தா பதினொண்ணு காட்டுது. நான்தான் தப்பா வெச்சுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அண்ணா, இதை யாராவது தொட்டாங்களான்னு கேட்டேன். யாரும் தொடலைங்க, நான் மட்டும்தான்னார். நீங்க என்ன செஞ்சீங்க? ஒண்ணும் செய்யலைங்க, அந்தப் பித்தளை ஸ்க்ரூ கொஞ்சம் லூசா இருந்துச்சு, ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு நல்லா டைட் பண்ணிட்டுத்தான் மாட்டினேன்.

அடப்பாவி மனுஷா! டைட் பண்ணப் பண்ண வோல்ட் ஏறும். எதுவும் செய்யாதீங்கன்னு சொன்னேனேன்னு நான் தலையில கையை வெச்சுக்கிட்டேன். பாஷா பாய் அன்னிக்குத்தான் முதல் தடவையா மிக்ஸியை விட்டுட்டு நிமிர்ந்து பாத்தார். சேகர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, உண்மையிலேயே வருத்தமா சொன்னார்.

"வண்டியில ஒரு ஸ்க்ரூ லூசா இருந்தா நான் சவாரியே ஏத்த மாட்டேங்க. பழக்கமாயிடுச்சு."

மலைப் பக்கம் திரும்பினா

ஸ்டெப் டவுன் மேல அவருக்கு நம்பிக்கை போயிடுச்சு. மூணாவது போர்டு வாங்கினவர், மோட்டார், போர்டு எல்லாத்துக்கும் சேர்த்து மூணே மூணு பென்சில் பேட்டரியைப் போட்டுட்டார். மெஷினைக் கடைக்கே தூக்கிட்டு வந்தார். நீல கலர் பிளாஸ்டிக் பேசினைக் குப்புறக் கவுத்து, அடியில ரெண்டு சக்கரம், பெயின்ட் பிரஷ்லேர்ந்து எடுத்த முடி, உறிஞ்சறதுக்கு ஒரு ஃபேன். பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. வாசனையும் இல்ல. நானும் சந்தோஷமா என்ன ஓடுதான்னு கேட்டேன்.

ஓடுதுங்க, ஆனா மலைப் பக்கம் திரும்பினா மட்டும் கனெக்‌ஷன் போயிடுதுன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. அவர் வீடு வேங்கிக்கால் பக்கம். ரூம்ல மெஷின் மத்த மூணு திசையில நல்லா போகுதாம். மலை இருக்கற திசைக்குத் திரும்பி ரெண்டடி போனா போர்டு லைட்டு அணைஞ்சு, மறுபடி எரிஞ்சு, மறுபடி அணையுதாம். செல்வி விழுந்து கும்பிட்டுட்டாங்களாம். அந்தத் திசையில ஓட்ட வேணாம்னு முடிவே பண்ணிட்டாங்க. கெஸ்ட் ஹவுஸ்ல மலை எந்தப் பக்கம்னு வேற பாத்துட்டு வந்திருக்காங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுச்சு, பொய் சொல்லல. இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவளாச்சே. அந்தப் பக்கம் தரையில வேற என்ன இருக்குன்னு கேட்டேன். ஒண்ணுமே இல்லைங்க, கால்மிதி மட்டும்தான் கிடக்குன்னார்.

கால்மிதி! சக்கரம் அதும்மேல ஏற மோட்டார் முக்குது, அந்த நேரத்துல பேட்டரியில இருக்கறதையெல்லாம் மோட்டாரே இழுத்துக்குது, போர்டுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லாம அது செத்துப் பொழைக்குது. வீட்டுல தண்ணி மோட்டார் போட்டா பல்பு மங்குதே, அதேதான். மீட்டரை வெச்சு, சக்கரத்தைக் கையால அமுத்திப் பிடிச்சுக் காட்டினேன். முள்ளு சடார்னு எறங்குச்சு. சேகருக்கு முகமே வாடிப்போச்சு. தப்பைக் கண்டுபிடிச்சதுல சந்தோஷப்படுவார்னு நினைச்ச எனக்கு அவர் சொன்னது பெரிய அதிர்ச்சி.

"இதை எங்க வூட்டுல சொல்லாதீங்கக்கா. அவ வேண்டிக்கிட்டு ஒரு கிரிவலம் சுத்திட்டு வந்துட்டா, அந்த முட்டியோட."

தானா கிளம்பின மெஷின்

அந்த வார்த்தை என்னை ரொம்ப நேரம் படுத்திச்சு. பதினாலு கிலோமீட்டர், தேஞ்ச முட்டியோட! இனிமே இந்த மெஷின் என் பொறுப்புன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். மோட்டாருக்குத் தனி பேட்டரி, போர்டுக்குத் தனியா ஒரு பவர் பேங்க், ஒண்ணு ஒண்ணுத்துக்குக் குறுக்க வராதுன்னு யோசனை சொன்னேன். ஒண்ணை மட்டும் சொல்ல மறந்துட்டேன். எனக்கு அது சோறு சாப்பிடற மாதிரி பழகின விஷயம், அதனாலேயே வாயில வரல. ரெண்டு பேட்டரியோட மைனஸையும் ஒண்ணா சேர்க்கணும். இல்லைன்னா போர்டு சொல்றது மோட்டாருக்குப் போய்ச் சேராது, மோட்டார் அது இஷ்டத்துக்குச் சுத்தும்.

மறுநாள் சேகர் மெஷினை கடைத் தரையில வெச்சு, ஸ்விட்சைப் போட்டுட்டு, பாக்கெட்டுலேர்ந்து போனை எடுக்கக் கையை விட்டார். போன் வெளியவே வரல, மெஷின் கிளம்பிடுச்சு! யாரும் ஓட்டல. ஸ்டூலை இடிச்சுது, திரும்பிச்சு, கவுன்ட்டருக்கு அடியில பூந்து என் கால்கிட்ட வந்து நின்னு உறுமிச்சு. நான் அலறிட்டு நாற்காலி மேல ஏறிட்டேன். கஸ்டமர் ஒருத்தர் சாமானே வாங்காம வெளிய ஓடிட்டார். அப்புறம் அது பாய் பக்கம் போய், அவர் வரிசையா கழட்டி வெச்சிருந்த நட்டு, வாஷர் எல்லாத்தையும் சரக்கு சரக்குன்னு உள்ள இழுத்துக்குச்சு. பாய் அசையல. காலால பேசினை ஒரு மிதி மிதிச்சு நிறுத்தினார். பத்து நாள்ல அவர் பேசின மொதல் பேச்சு அதுதான்.

"கரென்ட் எப்படியோ போகட்டும்மா. உறிஞ்சறது ஏ ஒன்."

டிபன் பாக்ஸ்

மைனஸ் ரெண்டையும் சேர்த்தாச்சு. ஆனா பவர் பேங்க் கொஞ்ச நேரத்துல தானா அணைய ஆரம்பிச்சுது. போர்டு எடுக்கறது ரொம்ப கம்மி, அதனால எதிர்ல யாருமே இல்லைன்னு நினைச்சு சில பவர் பேங்க் தூங்கிடும். பௌர்ணமிக்கு இன்னும் ஒரே வாரம். நான் வேற வழி யோசிச்சுகிட்டு இருக்கும்போதே சேகர், எல்லாத்துக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேங்கன்னு சிரிச்சுகிட்டே வந்தார். கையில எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஏதோ பலகாரம்னு நானும் ஆசையா கையை நீட்டினேன். உள்ள கடகடன்னு என்னமோ உருண்டுச்சு.

தொறந்து பாத்தேன். பழைய லேப்டாப் பேட்டரியை உடைச்சு எடுத்த லித்தியம் செல்லு ஆறு. மேல் தோல் கிழிஞ்சு, ஒண்ணு வேற லேசா உப்பி, எவர்சில்வர் டப்பாவுல ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு! ரெண்டு முனையும் அந்தத் தகரத்துல ஒழுங்கா பட்டிருந்தா தீப்பந்தம்தான். அதை ஆட்டோ சீட்டுக்கு அடியில வெச்சு, மேல மூணு பேரை உக்கார வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் சவாரி அடிச்சிருக்கார். பாய் எழுந்து வந்து, ஒவ்வொரு செல்லா எடுத்து மணல் வாளியில போட்டுட்டு, டப்பாவைக் கழுவித் திருப்பிக் குடுத்தார்.

அன்னிக்கு கடைவேலையை ஒதுக்கி வெச்சுட்டு நானே உக்காந்தேன். புது லித்தியம் செல்லு மூணு, ஜாஸ்தியா போனா தானே துண்டிச்சுக்கற பாதுகாப்பு போர்டு, எல்லாம் சேர்த்து ஒரே பேட்டரியா கட்டினேன். மோட்டாருக்கு அதுலேர்ந்து நேரா, வைஃபை போர்டுக்கு ஸ்டெப் டவுன் வழியா அஞ்சு வோல்ட். அந்தப் பித்தளை ஸ்க்ரூ மேல சொட்டு பசையை ஊத்தி ஒரேடியா அடைச்சுட்டேன். பேட்டரியைக் கழட்டி மாட்ட ஒரு மஞ்சள் பின். எங்க கொண்டுபோனாலும் இதுலதான் வெச்சுக் கொண்டுபோகணும்னு மூடி வெச்ச பிளாஸ்டிக் டப்பாவும் குடுத்தேன். ஏன் அண்ணா, எவர்சில்வர்ல போய் வெச்சீங்கன்னு கடைசியா கேட்டேன்.

"பிளாஸ்டிக்கு சூட்டுல உருகிடும்னு பயந்துட்டேங்க."

மூளை எது

ரெண்டு நாள் கழிச்சு செல்வியே கடைக்கு வந்தாங்க. முதல் தடவையா பாக்கறேன். ஒல்லியா, சிரிச்ச முகமா இருந்தாங்க. கடைப்படி ரெண்டுதான். செவுத்தைப் பிடிச்சு, ஒவ்வொரு படியிலும் நின்னு ஏறினதைப் பாத்ததும் ஓடிப்போய்க் கையைக் குடுத்தேன். நாற்காலி போட்டேன். நான்தானே தினமும் ஓட்டணும், எனக்கும் சொல்லிக் குடுங்கன்னாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இத்தனை நாள்ல சேகர் ஒரு கேள்வி கேட்டதில்லையே!

பேசினைத் திருப்பி ஒவ்வொண்ணா காட்டினேன். இது காலு, இது மூக்கு, இந்த பேட்டரி வயிறுன்னு சொன்னேன். போன்ல எதை அமுத்தினா எந்தப் பக்கம் போகும்னு அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுக்கிட்டாங்க. எங்கயாவது சிக்கி நின்னா, புகை கிகை வந்தா, எதையும் யோசிக்காம இந்த மஞ்சள் பின்னைப் பிடுங்கி பேட்டரியை வெளிய எடுத்துடுங்க, கரென்ட் இல்லைன்னா இது வெறும் பேசின்தான்னு சொன்னேன். மூணு தடவை பிடுங்கி, மூணு தடவை மாட்டிப் பாத்துக்கிட்டாங்க.

இதுல ரொம்ப முக்கியமானது எதுங்கன்னு கேட்டாங்க. வைஃபை போர்டு மேல விரலை வெச்சேன். இதுதான் மூளை, இது நல்லா இருந்தா மெஷின் நல்லா இருக்கும்னேன். அவங்க அந்தப் போர்டையே ரொம்ப நேரம் கண் சிமிட்டாம பாத்தாங்க. அப்போ எனக்கு எதுவும் தோணல. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஓனர் பாக்க வரார்ங்கன்னு சொல்லிட்டு எழுந்தாங்க.

"அப்போ இதுதாங்க நெத்தி."

வெள்ளிக்கிழமை பத்து மணி

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்போ சேகர் போன் பண்ணினார். அக்கா, மெஷின் எழுந்திருக்கவே மாட்டேங்குது, ஓனர் கெஸ்ட் ஹவுஸ் வாசலுக்கே வந்துட்டார்னு பதறினார். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மீட்டர், ஸ்பிரிட் பாட்டில், பழைய டூத் பிரஷ், எது கையில பட்டுச்சோ எடுத்துப் பையில போட்டேன். கடையை பாய்கிட்ட விட்டுட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். செங்கம் ரோட்டுல பஸ்ஸும் ஆட்டோவும் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு நான் பூந்து போன சந்தெல்லாம் இப்போ கேட்டா வழி சொல்லத் தெரியாது.

ரூம்ல ஓனர் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். மெஷின் புதுமாப்பிள்ளை மாதிரி நடுத்தரையில இருக்கு. சுத்தி மல்லிப்பூ, ரெண்டு சக்கரத்துக்கும் அடியில நசுங்கின எலுமிச்சம்பழம், பேசின் மேல பட்டையா விபூதி. அதெல்லாம் சரிதான், எங்க ஊர்ல புது வண்டி எதுவும் பூஜை போடாம தெருவுல எறங்காது. பேசின் மேல வெட்டி வெச்ச மூடியைத் தொறந்தேன். ஐயோ சாமி! வைஃபை போர்டு மேல, நட்டநடுவுல, காலணா அகலத்துக்கு ஈரச் சந்தனம். அதும்மேல குங்குமம். கரைஞ்சு வழிஞ்சு பின்னு எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஈரம் பட்டா உள்ள இருக்கற கரென்ட் கண்ட இடத்துக்கும் கசியும், அது எப்படி எழுந்திருக்கும்?

யார் வெச்சதுன்னு நான் கேக்கல. செல்வி முகத்துலேயே தெரிஞ்சுது. மூளைன்னு விரலை வெச்சுக் காட்டினவளே நான்தானே! மஞ்சள் பின்னைப் பிடுங்கிட்டு, ஸ்பிரிட்டை ஊத்தி டூத் பிரஷ்ஷால தேய்ச்சேன். பக்கத்து ரூம் வெள்ளைக்காரம்மா தலைமுடி காய வெக்கற மெஷினைக் குடுத்தாங்க. ஓனர் வாட்சைப் பாக்கறார், சேகர் என்னைப் பாக்கறார், செல்வி யாரையும் பாக்காம அந்தப் போர்டையே பாத்துக்கிட்டு இருக்காங்க. ஈரம் சுத்தமா போனதும் பேட்டரியை மாட்டினேன். ஒரு வினாடி ஒண்ணுமில்ல. அப்புறம் நீல லைட்டு கண்ணைத் தொறந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. செல்வி கையெடுத்துக் கும்பிட்டுட்டு என் காதுகிட்ட வந்தாங்க.

"நல்லபடியா இருக்கணும்னுதாங்கக்கா வெச்சேன்."

ஓனர் சொன்னது

செல்வி நின்ன இடத்துலேர்ந்து போன்ல விரலை வெச்சாங்க. மெஷின் கட்டிலுக்கு அடியில போச்சு, செவுத்தோரமா ஒரு நீட்டு, திரும்பி ஒரு நீட்டு, வெளிய வந்துச்சு. மெஷினோட தூசி டப்பாவைத் தொறந்து கவுத்தா ஒரு கைப்பிடித் தூசி, ஊதுவத்திச் சாம்பல், முடி, ஒரு ருத்ராட்சக் கொட்டை. ஓனர் ஆடிப்போயிட்டார். குனிஞ்சு கட்டிலுக்கு அடியில பாத்தவர் எழுந்திருக்கவே இல்ல. இதை யார் வேணா ஓட்டலாமான்னு கேட்டார். சேகருக்குப் பெருமை தாங்கல. சின்னக் குழந்தைகூட ஓட்டலாங்கன்னார்.

அந்த வார்த்தைதான். ஓனர் எழுந்து கையைத் தட்டி விட்டுக்கிட்டே, அப்போ சரி, மெஷினை இங்கயே விட்டுட்டுப் போங்க, விலையைச் சொல்லுங்க, ரிசப்ஷன்ல இருக்கறவரே ஓட்டிக்குவார்னார். செல்வி பக்கம் திரும்பி ரொம்ப அன்பா, நீயும் பாவம் எத்தனை நாள்தான் அந்த முட்டியோட கஷ்டப்படுவே, நாளையிலேர்ந்து வீட்டுல இருந்து ரெஸ்ட் எடும்மான்னார். எனக்கு இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. எதுக்காக ரெண்டு போர்டு எரிஞ்சுதோ, எதுக்காக இந்த அம்மா மலையைச் சுத்தினாங்களோ, அது போச்சு, போக வெச்சது நாங்க செஞ்ச மெஷினே! சேகர் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறார்.

செல்வி மட்டும் பதறல. கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பக்கமா குனிஞ்சாங்க. மூடியைத் தொறந்து, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே மஞ்சள் பின்னைப் பிடுங்கி, பேட்டரியை வெளிய எடுத்தாங்க. நீல லைட்டு அணைஞ்சுது. பேட்டரியை பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, டப்பாவைச் சாப்பாட்டுக் கூடையில வெச்சுட்டு நிமிர்ந்தாங்க. மெஷின் இங்கயே இருக்கட்டும் சார், விலையெல்லாம் வேணாம், பேட்டரி எங்கூட வரும் எங்கூட போகும்னாங்க. ஓனர் என்னைப் பாத்தார். மேடம், உங்க கடையில வேற பேட்டரி இருக்கும்ல? என் கடை அலமாரியில ரெண்டு தட்டு நிறைய இருக்கு. பதினாலு வருஷத்துல கேட்டு வந்த கஸ்டமரை இல்லைன்னு திருப்பி அனுப்பினதே இல்ல நான். ஸ்டாக் இல்லைங்க சார், வராதுங்கன்னு கண்ணைப் பாத்துச் சொன்னேன். அவர் என்னைப் பாத்தார், கூடையைப் பாத்தார், கவுத்து வெச்ச நீலப் பேசினைப் பாத்தார். பௌர்ணமிக்கு ஒம்போது ரூமும் புக்காயிருக்குன்னு தனக்குத்தானே முனகினார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, சரி, நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடும்மான்னார். செல்வி கூடையை எடுத்துத் தோள்ல மாட்டினாங்க.

"எட்டரைங்க சார். இது சார்ஜ் ஏறணும்."

இப்பல்லாம் என்கிட்ட போர்டு வாங்கறவங்களுக்கு எத்தனை வோல்ட் குடுக்கணும், எந்த ஸ்க்ரூவைத் தொடக் கூடாது, பொட்டு எங்க வெக்கணும்னு எல்லாத்தையும் சொல்லிட்டு, பேட்டரி யார் கூடையில இருக்கணும்ங்கறதையும் மறக்காம சேர்த்துச் சொல்லி அனுப்பறேன்.